‘ரோலிங் ஸ்டோன்’ என்று மேனேஜர் சொன்னால் பாராட்டா, திட்டா? ஆபீஸில் காதில் விழும் ஆங்கிலப் பழமொழிகளின் அர்த்தம் என்ன?

மித்தி ஆற்றுக்கு இந்தப் பக்கம் தாராவி, அந்தப் பக்கம் பாந்த்ரா குர்லா காம்ப்ளக்ஸ். அங்கே ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் உங்களுக்கு இன்டர்வியூ என்று வைத்துக்கொள்வோம். நான்கு வருடத்தில் மூன்று கம்பெனி மாறியிருக்கிறீர்கள். ரெஸ்யூமேயைப் புரட்டிய அதிகாரி சிரித்துக்கொண்டே சொல்கிறார்: "வெல், எ ரோலிங் ஸ்டோன் கேதர்ஸ் நோ மாஸ்."

ஒவ்வொரு வார்த்தையும் உங்களுக்குத் தெரியும். உருளுகிற கல்லில் பாசி பிடிக்காது. நம் ஊரில் பாசி என்றால் வழுக்கும். குளத்துப் படியில் ஆளையே கவிழ்த்துவிடும். அது பிடிக்காமல் இருந்தால் நல்லதுதானே? "தேங்க் யூ சார்" என்கிறீர்கள். எதிரே இருப்பவரின் புருவம் லேசாக உயர்கிறது.

அவர் கேட்க நினைத்தது வேறு: ‘நீங்கள் எங்கேயும் நிலைத்து நிற்க மாட்டீர்களோ?’

ஆங்கிலப் பழமொழிகளில் இருக்கும் சிக்கலே இதுதான். கடினமான வார்த்தை எதுவும் இருக்காது. ஆனால், அதைச் சொல்பவர் உங்களைப் பற்றி ஏதோ ஒரு முடிவுக்கு வந்திருப்பார். அந்த முடிவு என்னவென்று புரிந்தால்தான் பதில் சொல்ல முடியும்.

பாசி நல்லதா, கெட்டதா?

இரண்டும்தான். எராஸ்மஸ் என்ற டச்சு அறிஞர் 1500இல் பாரிஸில் வெளியிடத் தொடங்கிய ‘அடாஜியா’ என்ற பழமொழித் தொகுப்பு மூலம் இந்தப் பழமொழி ஐரோப்பாவில் பரவலாகத் தெரியவந்தது. ஆங்கிலத்தில் ஜான் ஹேவுட் 1546இல் வெளியிட்ட தொகுப்பிலும் இது இருக்கிறது. அப்போது பாசி என்பது சேர்த்து வைத்த சொத்து, ஊரில் கிடைக்கும் மரியாதை, வேர் ஆகியவற்றைக் குறித்தது. ஓடிக்கொண்டே இருப்பவனிடம் எதுவும் சேராது என்ற எச்சரிக்கை அது.

பிற்காலத்தில், குறிப்பாக அமெரிக்காவில், அர்த்தம் தலைகீழானது. பாசி என்பது தேக்கம். ஓடிக்கொண்டே இருப்பவன் துருப்பிடிக்க மாட்டான் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். 1950இல் ப்ளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸ் பாடிய ஒரு பாட்டின் தலைப்பிலிருந்துதான் 1962இல் ‘ரோலிங் ஸ்டோன்ஸ்’ இசைக்குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது. அங்கே உருளும் கல் ஒரு ஸ்டைல்.

ஆக, பழைய பள்ளிப்பாடத்தில் ஆங்கிலம் படித்த சீனியர் அதிகாரி சொன்னால் பெரும்பாலும் எச்சரிக்கை. ஸ்டார்ட்அப் நிறுவனர் சொன்னால் பாராட்டாகவும் இருக்கலாம்.

மும்பைத் தமிழர்களுக்கு இது ஏன் முக்கியம்?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, மகாராஷ்டிராவில் தமிழைத் தாய்மொழியாகச் சொன்னவர்கள் 5 லட்சத்துக்குச் சற்று அதிகம். இவர்கள் எல்லாருக்கும் ஆங்கிலத்தோடு ஒரே மாதிரியான உறவு இருந்ததில்லை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தோல் பதனிடும் வேலைக்கு தாராவி வந்த குடும்பங்கள் ஒரு பக்கம். டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து கற்றுக்கொண்டு ஆபீஸ் வேலைக்கு வந்து மாட்டுங்காவில் குடியேறி, பிறகு செம்பூர் வரை பரவிய குடும்பங்கள் இன்னொரு பக்கம். மாட்டுங்காவில் 1932லேயே சவுத் இந்தியன் எஜுகேஷன் சொசைட்டி தொடங்கப்பட்டுவிட்டது. மும்பை மாநகராட்சி தமிழ் வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது.

வீட்டில் தினமும் ஆங்கிலப் பேப்பர் வந்தவருக்கு இந்தப் பழமொழிகள் தானாகவே காதில் ஏறியிருக்கும். தமிழ் வழியில் படித்து, முதல் தலைமுறையாக கார்ப்பரேட் வேலைக்குப் போகிறவருக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்க மாட்டார்கள். எஸ்எஸ்சி போன்ற போட்டித் தேர்வுகளிலும் மரபுத்தொடர்களின் பொருளைக் கேட்கும் கேள்விகள் வழக்கமாக வருகின்றன. இது அறிவுக்குறைவு இல்லை, அறிமுகக்குறைவு. அதைச் சரிசெய்துவிடலாம்.

மும்பைக்காரர்களுக்கு ஒரு வசதியும் இருக்கிறது. நாலு மொழி காதில் விழுகிற ஊர் இது.

உதாரணம், "தி கிராஸ் இஸ் ஆல்வேஸ் கிரீனர் ஆன் தி அதர் சைட்". வேலிக்கு அந்தப் பக்கம் இருக்கும் புல்தான் பச்சையாகத் தெரியும். நம்மிடம் ‘இக்கரைக்கு அக்கரை பச்சை’. மராத்தியில் ‘துரூன் டோங்கர் சாஜ்ரே’, அதாவது மலை தூரத்திலிருந்து பார்த்தால்தான் அழகு. இந்தியில் ‘தூர் கே டோல் சுஹாவ்னே’, தூரத்து மேளச் சத்தம்தான் இனிமை. வேலி, ஆறு, மலை, மேளம் என்று காட்சி மாறினாலும் சொல்லும் விஷயம் ஒன்றுதான். வேலை மாற நினைப்பவரிடம் மேனேஜர் இதைச் சொன்னால், ‘அந்தக் கம்பெனியிலும் பிரச்னை இருக்கும், யோசித்துப் போ’ என்று அர்த்தம்.

தினசரி ஆபீஸில் கேட்கும் பழமொழிகள்

"எ பேட் வொர்க்மேன் பிளேம்ஸ் ஹிஸ் டூல்ஸ்": வேலை தெரியாதவன் கருவியைக் குறை சொல்வான். தமிழில் ‘ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்’. மராத்தியில் ‘நாச்தா யேயீனா, அங்கண் வாக்டே’. இந்தியில் ‘நாச் ந ஜானே, ஆங்கன் டேடா’. மூன்று இந்திய மொழியிலும் அதே ஆட்டம், அதே கோணல். ‘சாஃப்ட்வேர் சரியில்லை, லேப்டாப் ஸ்லோ’ என்று நீங்கள் சொல்லும்போது இந்தப் பழமொழி வந்தால் அது நேரடிக் குற்றச்சாட்டு. லேப்டாப் நிஜமாகவே ஸ்லோ என்றால், அதற்கான ஆதாரத்தோடு பேசுங்கள்.

"பென்னி வைஸ், பவுண்ட் ஃபூலிஷ்": சில்லறையில் சிக்கனம், பெரிய தொகையில் ஊதாரித்தனம். ‘கடுகு போன இடம் ஆராய்வார், பூசணிக்காய் போன இடம் தெரியாது’ என்று பாட்டி சொல்வதுதான். 200 ரூபாய் டாக்ஸி பில்லுக்கு மூன்று கையெழுத்து கேட்டுவிட்டு, யாருமே பயன்படுத்தாத மென்பொருளுக்கு வருடா வருடம் பணம் கட்டும் நிறுவனத்துக்குப் பொருந்தும்.

"தி ஸ்க்வீக்கி வீல் கெட்ஸ் தி கிரீஸ்": கிரீச்சிடும் சக்கரத்துக்குத்தான் கிரீஸ் கிடைக்கும். ‘அழுத பிள்ளை பால் குடிக்கும்.’ ஒரு சீனியர் உங்களிடம் தனியாக இதைச் சொன்னால், ‘வாயைத் திறந்து இன்க்ரிமென்ட் கேள்’ என்ற நல்ல ஆலோசனை. உங்களைப் பற்றி இன்னொருவரிடம் சொன்னால் புகார்.

"எ ஸ்டிட்ச் இன் டைம் சேவ்ஸ் நைன்": ஒன்பது என்ன? ஒன்பது தையல். கிழிசல் சின்னதாக இருக்கும்போதே ஒரு தையல் போட்டால், பிறகு ஒன்பது போட வேண்டாம். தாமஸ் ஃபுல்லர் 1732இல் வெளியிட்ட தொகுப்பிலேயே இது இருக்கிறது. தாராவியில் தையல் மிஷினில் உட்கார்ந்தவர் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆபீஸில் இதற்கு அர்த்தம்: தவறு தெரிந்தால் இன்றைக்கே மெயில் போடு, க்ளையன்ட் கண்டுபிடிக்கும்வரை காத்திருக்காதே.

"இஃப் இட் எய்ன்ட் ப்ரோக், டோன்ட் ஃபிக்ஸ் இட்": உடையாததைச் சரிசெய்யப் போகாதே. கேட்பதற்கு ரொம்பப் பழசு மாதிரி இருக்கும். அமெரிக்க அதிபர் ஜிம்மி கார்ட்டரின் பட்ஜெட் இயக்குநராக இருந்த பெர்ட் லான்ஸ் 1977இல் சொன்ன பிறகுதான் இது பெரிய அளவில் பரவியது. ஓடுகிற கோடில் கை வைக்காதே என்று ஐடி ஆட்கள் சொல்வது இதைத்தான்.

"வென் இன் ரோம், டூ ஆஸ் தி ரோமன்ஸ் டூ": நான்காம் நூற்றாண்டு விஷயம். சனிக்கிழமை ரோமில் விரதம் இருந்தார்கள், மிலானில் இருக்கவில்லை. எதைப் பின்பற்றுவது என்ற குழப்பத்துக்கு, எந்த ஊரில் இருக்கிறோமோ அந்த ஊர் வழக்கத்தைப் பின்பற்று என்று ஆயர் அம்புரோஸ் பதில் சொன்னதாக அகஸ்டின் எழுதியிருக்கிறார். நம் பழமொழி இன்னும் ஒரு படி மேல்: ‘பாம்பு தின்னும் ஊருக்குப் போனால் நடுக்கண்டம் நமக்கு.’

படித்தவர்களே தவறாகப் பயன்படுத்துபவை எவை?

"தி எக்செப்ஷன் ப்ரூவ்ஸ் தி ரூல்": விதிவிலக்கு எப்படி விதியை நிரூபிக்கும்? இது ரோமானியச் சட்ட வாதத்திலிருந்து வந்தது. கடை வாசலில் ‘ஞாயிறு விடுமுறை’ என்று போர்டு இருந்தால், மற்ற நாட்களில் கடை உண்டு என்று யாரும் எழுதாமலே நமக்குப் புரிகிறது இல்லையா? அதுதான். உங்கள் வாதத்துக்கு எதிராக ஒரு டேட்டா கிடைத்தால், ‘எக்செப்ஷன் ப்ரூவ்ஸ் தி ரூல்’ என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

"தி ப்ரூஃப் ஆஃப் தி புட்டிங் இஸ் இன் தி ஈட்டிங்": இங்கே ‘ப்ரூஃப்’ என்றால் ஆதாரம் அல்ல, சோதனை. சாப்பிட்டுப் பார்த்தால்தான் புட்டிங்கின் தரம் தெரியும். இதைச் சுருக்கி ‘ப்ரூஃப் இஸ் இன் தி புட்டிங்’ என்று பலர் சொல்கிறார்கள்; ஆதாரம் புட்டிங்குக்குள் ஒளிந்திருப்பதுபோல ஆகிவிடுகிறது. இதற்கு ‘ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம்’ என்று தமிழாக்கம் செய்வதும் முழுக்கச் சரியல்ல. நம் பழமொழி சாம்ப்ளிங் பற்றியது: ஒரு பருக்கையை வைத்து மொத்தப் பானையையும் மதிப்பிடுவது. ஆங்கிலப் பழமொழி, பயன்படுத்திப் பார்த்துத் தீர்ப்பு சொல்வது பற்றியது.

"சாரிட்டி பிகின்ஸ் அட் ஹோம்": ‘முதலில் நம்ம ஆட்களைப் பார்ப்போம்’ என்று தட்டிக் கழிக்கவே இது அதிகம் பயன்படுகிறது. அன்பு வீட்டில் தொடங்குகிறது என்றுதான் பழமொழி சொல்கிறது. வீட்டோடு முடிகிறது என்று சொல்லவில்லை. ‘தனக்கு மிஞ்சித்தான் தானமும் தருமமும்’ என்பது வேறு கருத்து. இரண்டையும் ஒன்றாக்க வேண்டாம்.

"ஜாக் ஆஃப் ஆல் ட்ரேட்ஸ், மாஸ்டர் ஆஃப் நன்": எல்லா வேலையும் தெரியும், எதிலும் தேர்ச்சி இல்லை. ‘உண்மையான முழுப் பழமொழி இதுதான்’ என்று இணையத்தில் ஒரு நீண்ட வடிவம் சுற்றுகிறது. ஒன்றில் மட்டும் தேர்ந்தவனைவிட இவன் மேல் என்று அது முடியும். அந்த வால் சமீப காலத்தில் ஒட்டப்பட்டது. பழைய நூல்களில் இல்லை. லிங்க்ட்இன்னில் போடும் முன் யோசியுங்கள்.

ஒன்றுக்கொன்று முரணாக இருந்தால் எதை நம்புவது?

"லுக் பிஃபோர் யூ லீப்", குதிக்கும் முன் பார் என்கிறது ஒன்று. நம்முடைய ‘ஆழம் தெரியாமல் காலை விடாதே’. "ஹீ ஹூ ஹெசிடேட்ஸ் இஸ் லாஸ்ட்", தயங்கினால் போச்சு என்கிறது இன்னொன்று. "மெனி ஹேண்ட்ஸ் மேக் லைட் வொர்க்", பல கை சேர்ந்தால் வேலை சுலபம். "டூ மெனி குக்ஸ் ஸ்பாயில் தி பிராத்", சமையல்காரர் அதிகமானால் சூப் கெடும்.

இரண்டும் எப்படிச் சரியாக இருக்க முடியும்? பழமொழி என்பது ஆய்வு முடிவு அல்ல. ஒரு சூழ்நிலையில் ஒருவர் எடுக்கும் பக்கம். உங்கள் டீமில் ஆள் கேட்கும்போது மேனேஜர் ‘டூ மெனி குக்ஸ்’ என்றால், ஆள் கிடைக்காது என்பதை நாகரிகமாகச் சொல்கிறார். அந்த முடிவுக்குக் காரணம் பட்ஜெட்டா, வேலையின் தன்மையா என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம்.

தமிழ்ப் பழமொழியை ஆங்கிலத்தில் சொல்லலாமா?

தாராளமாக. பீட்டர் பெர்சிவல் 1874இல் வெளியிட்ட தொகுப்பில் 6,000க்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகள் ஆங்கில மொழிபெயர்ப்போடு இருக்கின்றன. ஹெர்மன் ஜென்சன் 1897இல் பொருள்வாரியாகப் பிரித்து இன்னொரு தொகுப்பு வெளியிட்டார். ‘தமிழில் ஒரு பழமொழி உண்டு’ என்று ஆரம்பித்து, ஒரே வரியில் அர்த்தத்தையும் சொல்லிவிட்டால் மீட்டிங்கில் யாரும் மறக்க மாட்டார்கள்.

ஒரு எச்சரிக்கை. பழைய தமிழ்ப் பழமொழிகளில் சாதி, பெண்கள், மாற்றுத்திறனாளிகளை இழிவுபடுத்துபவை நிறைய. மேலே சொன்ன ‘கூடம் கோணல்’ பழமொழியே, பழைய வடிவத்தில் தேவதாசிப் பெண்களைக் கேவலமாகக் குறிக்கும் சொல்லோடுதான் புழங்கியது. பிச்சைக்காரருக்குத் தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லை என்று சொல்லும் ஆங்கிலப் பழமொழியும் அப்படித்தான். யாரைக் கீழே தள்ளி அந்த வாக்கியம் நிற்கிறது என்று பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

சரி, அந்த இன்டர்வியூவில் என்ன பதில் சொல்லியிருக்கலாம்?

முதலில், பழமொழி புரியாவிட்டால் "எந்த அர்த்தத்தில் சொல்கிறீர்கள்?" என்று கேட்பதில் வெட்கமே வேண்டாம். இரண்டு அர்த்தம் உள்ள பழமொழிக்கு அது நியாயமான கேள்வி. புரிந்துவிட்டால், அவர் சந்தேகத்துக்கே பதில் சொல்லுங்கள்: முதல் கம்பெனியில் எதைக் கற்றேன், இரண்டாவதிலிருந்து ஏன் விலகினேன், இங்கே எத்தனை வருடம் இருக்க நினைக்கிறேன். மூன்று வாக்கியம் போதும்.