விரலுக்கு முன் குரல்

1927 டிசம்பரில், பத்து நாள் இடைவெளியில், அமெரிக்காவின் இரண்டு நகரங்களில் இரண்டு இசைத்தட்டுகள் பதிவாயின. 3ஆம் தேதி டல்லாஸில் கொலம்பியா நிறுவனத்துக்காகப் பார்வையற்ற பாடகர் பிளைண்ட் வில்லி ஜான்சன் 'டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்' என்பதைப் பதிவு செய்தார். தலைப்பு ஒரு பழைய கிறிஸ்தவப் பாட்டிலிருந்து வந்தது. ஆனால் பாட்டின் சொல் ஒன்றுகூட அவர் வாயிலிருந்து வரவில்லை. வெறும் முனகல். தந்தியின்மேல் சறுக்கி எழும் மெட்டைக் குரல் பின்தொடர்கிறது, சில இடங்களில் முந்திக்கொள்கிறது, சில இடங்களில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. 13ஆம் தேதி சிகாகோவில் ஓகே நிறுவனத்துக்காக லூயி ஆம்ஸ்ட்ராங்கின் ஹாட் ஃபைவ் குழு 'ஹாட்டர் தேன் தேட்' பாடலைப் பதிவு செய்தது. அதில் ஆம்ஸ்ட்ராங் ஊதுகருவியைக் கீழே வைத்துவிட்டு, பொருளற்ற அசைகளால் ஒரு முழுச் சுற்றுப் பாடுகிறார். அது முடிந்ததும் தாளக்காரர்கள் ஒதுங்கிக்கொள்ள, அவர் குரலும் லானி ஜான்சனின் கிட்டாரும் மாறி மாறிப் பேசிக்கொள்கின்றன. குரல் சொன்னதைக் கிட்டார் வாங்கி, வளைத்து, திருப்பித் தருகிறது. முதல் பதிவு பக்தி இசை, அடுத்தது ஜாஸ். ஆனால் இரண்டிலும் கிட்டார், பாடத் தெரிந்த ஒன்றாகவே நடந்துகொள்கிறது.

ஜாஸ் கிட்டார் பயில்பவர்களுக்கு இன்று பல ஆசிரியர்கள் தரும் ஓர் அறிவுரை உண்டு: வாசிப்பதைப் பாடிக்கொண்டே வாசி. மனோதர்மத்துக்கான பயிற்சி உத்திகளுள் ஒன்றாக, கூடுதல் மருந்துபோல அது சொல்லப்படுகிறது. வரலாற்றைப் பார்த்தால் அது அப்படி ஒட்டவைத்த உத்தி அல்ல. ஜாஸில் கிட்டார் தனி மெட்டு வாசிக்கக் கற்றதே குரலின் வழியாகத்தான். இடையில் அந்த வழி மறைந்தது; சில ஆசிரியர்கள் அதைத் திரும்பத் திறந்தார்கள். அந்த வரலாறு இன்னொன்றையும் காட்டுகிறது. குரல் முன்னே போக வேண்டும், விரல் பின்னே வர வேண்டும். வரிசை மாறினால் பயன் பெரும்பாலும் போய்விடும்.

ஜாஸ் பிறந்த நியூ ஆர்லியன்ஸில் கிரியோல் ஆசிரியர்களிடம் போகும் பிள்ளை, கருவியைத் தொடுவதற்கு முன் ஸ்வரங்களை வாயால் பாடிப் பழக வேண்டியிருந்தது. வீணைக்கு முன் சரளி வரிசையைப் பாடும் நம் ஊர் மாணவருக்கு இது புதிதல்ல. அந்த ஆசிரியர்களிடம் போக வசதியில்லாத ஆம்ஸ்ட்ராங்கும் பாட்டிலிருந்துதான் தொடங்கினார். 1913இல் சீர்திருத்த இல்லத்துக்கு அனுப்பப்பட்டு அங்கே கார்னெட் கற்பதற்கு முன்பே, தெருவில் நால்வர் குழுவில் பாடிக் காசு வாங்கிய சிறுவன் அவர். இந்த ஊதுகருவிகளின் பேச்சைத்தான் கிட்டார் பின்னாளில் கற்றது. தொடக்க கால ஜாஸ் குழுக்களில் கிட்டாருக்கோ பாஞ்சோவுக்கோ கிடைத்த வேலை தாளத்தைத் தாங்குவது; டிரம்பெட்டின் முன் ஒற்றைத் தந்தியின் ஒலி எடுபடவில்லை. 1936இல் கிப்சன் நிறுவனம் ஈ.எஸ்.150 என்ற மின் கிட்டாரைக் கொண்டுவந்த பிறகு நிலைமை மாறியது. ஓக்லஹோமாவில் வளர்ந்த சார்லி கிறிஸ்டியன் அந்தக் கருவியோடு 1939இல் பென்னி குட்மன் குழுவில் சேர்ந்தார். 1942இல் காசநோயால் இறந்தபோது அவருக்கு வயது 25. அந்தச் சில ஆண்டுகளில் அவர் வாசித்தது, கிட்டார்க்காரர்களின் பழைய கைவழக்கங்களைவிடச் சாக்சபோன் கலைஞர் லெஸ்டர் யங்கின் நீண்ட, மூச்சுவிட்டு நகரும் வாக்கியங்களுக்கே நெருக்கமாக இருந்தது. அந்த யங்கோ, ஒரு பாட்டை வாசிக்கிறவனுக்கு அதன் வரிகள் தெரிந்திருக்க வேண்டும் என்று கருதியவர். குரலிலிருந்து ஊதுகருவிக்கு, அங்கிருந்து கிட்டாருக்கு என்று வந்த பரம்பரை இது. அதனால் கிட்டார்க்காரர் பாடிப் பழகும்போது தன் கருவியின் பாட்டன் வீட்டுக்குத்தான் போகிறார்.

ஊதுகருவிக்காரருக்கு இந்தப் பயணம் அவ்வளவு தேவைப்படுவதில்லை. அவர் மூச்சு வாக்கியத்தை முடித்துவைக்கும். உதடும் நாக்கும் ஏற்கெனவே வேலை செய்துகொண்டிருக்கும். கிட்டாரில் மூச்சு தேவையில்லை என்பதால், கை ஓயும்வரை ஸ்வரங்கள் கொட்டிக்கொண்டே போகலாம். கேட்பவர் களைத்துப்போவார், வாசிப்பவருக்குத் தெரியவே தெரியாது. அதைவிட ஆழமான சிக்கல் கருவியின் அமைப்பில் இருக்கிறது. பியானோவில் ஒரு ஸ்வரத்துக்கு ஒரே இடம். கிட்டாரில் முதல் தந்தியை அழுத்தாமல் மீட்டினால் வரும் அதே ஸ்வரம், இரண்டாம் தந்தியில் 5ஆம் ஃப்ரெட்டிலும், மூன்றாம் தந்தியில் 9இலும், நான்காம் தந்தியில் 14இலும், ஐந்தாம் தந்தியில் 19இலும் கிடைக்கிறது. இந்தக் குழப்பத்தைச் சமாளிக்க மாணவர் வடிவங்களை மனப்பாடம் செய்கிறார்: இந்தக் கார்டுக்கு இந்தப் பெட்டி, இந்த ஸ்கேலுக்கு இந்த விரல்வரிசை. வடிவம் கைக்கு வந்ததும் காதுக்கு வேலை குறைந்துவிடுகிறது. கை போன இடத்தில் ஏதோ ஒரு சரியான ஸ்வரம் இருக்கும் என்ற உறுதியில் வாசிப்பு ஓடுகிறது. தொண்டைக்கு ஃப்ரெட் இல்லை, பெட்டியும் இல்லை. அடுத்த ஸ்வரம் எது என்று மனத்தில் கேட்காமல் அதைப் பாடவே முடியாது. இந்த ஒரு கட்டாயத்தில்தான் பாட்டுப் பயிற்சியின் மதிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது.

இந்த வழி மங்கியதற்குக் காரணம் யாருடைய கெட்ட எண்ணமும் அல்ல. ஜாஸ் வகுப்பறைக்குள் வந்தது. வகுப்பறைக்கு எழுதிக் காட்டக்கூடிய பாடம் வேண்டும். 1953இல் ஜார்ஜ் ரஸ்ஸல் தம் லிடியன் கோட்பாட்டை வெளியிட்டார். ஒவ்வொரு கார்டுக்கும் ஒரு ஸ்கேல் உறவு உண்டு என்ற எண்ணம் அதிலிருந்து பரவியது. பாஸ்டனில் 1945இல் தொடங்கிய பள்ளி பெர்க்லி என்ற பெயரில் வளர்ந்தது. அங்கே கற்பித்த வில்லியம் லெவிட்டின் கிட்டார் பாடநூலின் முதல் தொகுதி 1966இல் வந்தது. அடுத்த ஆண்டு ஜேமி ஏபர்சோல்ட், மாணவர் வீட்டிலிருந்தே கூட வாசிக்க வசதியாகப் பின்னணி இசைத்தட்டுகளை வெளியிடத் தொடங்கினார். இவை எல்லாம் நல்ல வேலைகள். நியூயார்க்கிலோ சிகாகோவிலோ பிறக்காத ஆயிரக்கணக்கானோருக்கு ஜாஸைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்தவை. ஆனால் தாளில் அச்சிட முடிந்தது எதுவோ அதுவே பாடத்தின் மையம் ஆனது. கார்டின் பெயரையும் ஸ்கேலின் பெயரையும் அச்சிடலாம். ஒரு வாக்கியம் எங்கே மூச்சு வாங்குகிறது என்பதை அச்சிடுவது கடினம். கிட்டாரில் இந்தப் பக்கச் சாய்வு மற்றக் கருவிகளைவிட அதிகமாக வேர்விட்டது. வடிவங்களைப் படமாக வரைய அதைவிடத் தோதான கருவி வேறில்லை.

எதிர்த் திசையில் நின்றவர்களில் முக்கியமானவர் லென்னி டிரிஸ்டானோ. சிகாகோவில் 1919இல் பிறந்து சிறுவயதிலேயே பார்வை இழந்த பியானோக் கலைஞர். 1946இல் நியூயார்க் வந்து, 1951இல் தமக்கென ஒரு பள்ளி தொடங்கினார். அவரிடம் சேர்ந்த மாணவருக்கு, வாசிக்கும் கருவி எதுவானாலும், முதல் வேலை ஒன்றுதான்: லெஸ்டர் யங், சார்லி பார்க்கர், ராய் எல்ட்ரிட்ஜ் போன்றோரின் ஒரு தனி வாசிப்பை இசைத்தட்டோடு சேர்ந்து பாட வேண்டும். ஸ்வரம் மட்டுமல்ல, அழுத்தம், இழைவு, தாளத்தில் சற்றே பின்தங்கி நிற்கும் நிலை எல்லாம் குரலில் வர வேண்டும். பிறகு தட்டு இல்லாமல் பாட வேண்டும். அதன் பிறகுதான் கருவி. அவருடைய மாணவரான சாக்சபோன் கலைஞர் லீ கோனிட்ஸ் வாழ்நாள் முழுவதும் இதே முறையை எடுத்துச் சொன்னார். இந்த வட்டத்தின் கிட்டார்க்காரர் பில்லி பாவர். 1949 மே மாதம் கேப்பிடல் நிறுவனத்துக்காக டிரிஸ்டானோ குழு 'இன்ட்யூஷன்', 'டைக்ரெஷன்' என்ற இரண்டு துண்டுகளைப் பதிவு செய்தபோது பாவரும் இருந்தார். முன்கூட்டித் தீர்மானித்த மெட்டோ கார்டு வரிசையோ சுருதியோ இல்லாத வாசிப்பு அது. எந்தப் பெட்டி வடிவமும் துணைக்கு வராத அந்த இடத்தில், காதையும் மனத்துக்குள் பாடும் குரலையும் தவிரக் கிட்டார்க்காரருக்கு வேறு பிடிமானம் இருந்திருக்க முடியாது.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழுகிறது. வாசித்துக்கொண்டே பாடுகிற எத்தனையோ பேர் உண்மையில் விரல் போன பாதையைத்தான் குரலால் நகல் எடுக்கிறார்கள். அதில் கற்பனைக்கு என்ன லாபம்? லாபம் குறைவுதான், ஒப்புக்கொள்கிறேன். வடிவத்தை ஓட்டிக்கொண்டு அதன்மேல் முனகுவதும் பழக்கமே. அதனால்தான் டிரிஸ்டானோவின் வரிசை முக்கியமாகிறது: பாட்டு முதலில், கருவி கடைசியில். மேடையில் இரண்டையும் ஒன்றாகச் செய்தவர்களின் கதையிலும் குரல்தான் மூத்தது. பாஸ் கலைஞர் ஸ்லாம் ஸ்டூவர்ட், வில்லால் வாசித்தபடி அதே மெட்டை ஒரு ஸ்தாயி மேலே பாடுவார்; பாஸ்டனில் ரே பெர்ரி என்ற வயலின் கலைஞர் பாடிக்கொண்டே வாசித்ததைக் கேட்டுப் பிடித்துக்கொண்ட வழி அது. கிட்டாரில் இந்த இணைப்பை உலகுக்கெல்லாம் தெரியவைத்தவர் ஜார்ஜ் பென்சன். 1976இல் வந்த 'பிரீசின்' தொகுப்பின் 'திஸ் மாஸ்க்கரேட்' பாடலில் குரலும் தந்தியும் ஒரே கோட்டில் ஓடுகின்றன. அவர் கிட்டார்க்காரராகப் பெயர் பெற்ற பிறகு பாட வந்தவர் என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் 1954இலேயே சிறுவனாகப் பாடி இசைத்தட்டு வெளியிட்டவர். பாட்டுதான் அவருக்கு முதல் தொழில். பின்னர் வந்த கர்ட் ரோசன்விங்கிள், தம் குரலை மைக் வழியே கிட்டார் ஒலியோடு கலந்தார். 2001இல் வெளிவந்த 'த நெக்ஸ்ட் ஸ்டெப்' தொகுப்பின் சில பாடல்களில் தந்திகளின் சுருதியையே மாற்றிக் கட்டினார். பழகிய விரல்வடிவம் எதுவும் உதவாத நிலையைத் தாமே உண்டாக்கிக்கொண்டார். பாடுவதும் சுருதி மாற்றுவதும் அவரிடம் ஒரே நோக்கத்தின் இரண்டு செயல்கள்: கையின் அதிகாரத்தைப் பறிப்பது.

பெரிய கிட்டார்க்காரர்கள் பலர் பாடியதே இல்லையே என்பது அடுத்த மறுப்பு. வெஸ் மான்ட்கோமரியின் தட்டுகளில் முனகல் கேட்பதில்லை. ஆனால் அவர் கற்ற விதத்தைப் பாருங்கள். குறியீட்டை வாசிக்கத் தெரியாதவர். சார்லி கிறிஸ்டியனின் வாசிப்புகளைத் தட்டிலிருந்து ஸ்வரம் பிசகாமல் காதால் எடுத்துக்கொண்டவர். வாய் திறக்காவிட்டாலும் மெட்டு மனத்தில் நிற்காமல் அந்த வேலை நடக்காது. டிரிஸ்டானோ குரலை வெளியே கேட்க விரும்பியது, உள்ளே என்ன இருக்கிறது என்று சோதிக்க. ஏற்கெனவே உள்ளே தெளிவாக ஒலிப்பவருக்கு அந்தச் சோதனை தேவைப்படாமல் போகலாம். நம்மில் பெரும்பாலோருக்குத் தேவை. குரல்வளம் இல்லை என்று தயங்குவோருக்கு ஆம்ஸ்ட்ராங்கின் கரகரப்பே பதில். இங்கே கேட்கப்படுவது இனிமை அல்ல, துல்லியம்.

மூன்றாவது மறுப்புக்கு என்னால் பாதிதான் பதில் சொல்ல முடியும். கிட்டார் ஒரே நேரத்தில் ஆறு ஸ்வரங்களை ஒலிக்கும். தொண்டை ஒன்றைத்தான் பாடும். ஜோ பாஸ் 1973இல் பதிவு செய்த 'வெர்சுவோசோ'வில் ஒற்றைக் கிட்டார் மெட்டையும் கார்டையும் கீழ்த்தந்தி நடையையும் சேர்த்துச் சுமக்கிறது. ஒவ்வொரு குரல்வரிசையையும் தனித்தனியே பாடிப் பழகலாம், மேல் மெட்டைப் பாடி மற்றதைக் கைக்கு விடலாம். ஆனாலும் விரல்களின் அகலத்திலிருந்தும் தந்திகளின் இசைவிலிருந்தும் மட்டுமே பிறக்கும் எண்ணங்கள் உண்டு. அவற்றைக் குரல் தராது. தொண்டைக்கும் தன் பழக்கங்கள் உண்டு என்பதும் உண்மை. எளிதில் பாட வருவதையே திரும்பத் திரும்பப் பாடுகிறவர் விரல்பெட்டிக்குப் பதில் குரல்பெட்டியில் அடைபடுவார். கோனிட்ஸ் இதற்கு வைத்த தீர்வு பத்துப் படிகள். முதல் படியில் பாட்டின் மெட்டை மாற்றாமல் வாசிப்பது. பிறகு படிப்படியாகச் சிறு அலங்காரங்கள். கடைசிப் படியில்தான் முழுக்கப் புதிய மெட்டு. நமக்கு ஒரு கீர்த்தனையின் சங்கதிகள் வளரும் முறை நினைவுக்கு வரும். பிறருடைய நல்ல வாக்கியங்களைப் பாடி வளர்ந்த தொண்டை, வெறுமையிலிருந்து முனகும் தொண்டையைவிட வளமானது. அதனால்தான் இந்த மரபு முழுவதும் தட்டுகளோடு சேர்ந்து பாடுவதை முன்னே வைக்கிறது.

தாளத்துக்கும் இது பொருந்தும் என்பதற்கு ஜான் மெக்லாக்லினைவிட நல்ல சான்று இல்லை. மைல்ஸ் டேவிஸோடு வாசித்துப் புகழ்பெற்ற இந்த ஆங்கிலேயக் கிட்டார்க்காரர், அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த எஸ்.ராமநாதனிடம் வீணை பயின்றார், 1970களில் எல்.சங்கர், ஜாகிர் உசேன், டி.எச்.விநாயக்ராம் ஆகியோரோடு சக்தி குழுவை அமைத்தார். 2007இல் விநாயக்ராமின் மகன் செல்வகணேஷோடு சேர்ந்து மேற்கத்திய இசைக்கலைஞர்களுக்காக அவர் வெளியிட்ட பாடம் கிட்டாரைப் பற்றியது அல்ல, கொன்னக்கோல். தாளத்தை முதலில் வாயால் சொல், பிறகு கருவிக்குப் போ என்பதே அதன் சாரம்.

கிட்டார் கற்கும் இளைஞர்கள் இன்று நம் ஊர்களில் நிறைய இருக்கிறார்கள். அவர்களில் ஜாஸ் பக்கம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சார்லி கிறிஸ்டியன் 1941இல் குட்மன் குழுவோடு பதிவு செய்த 'சோலோ ஃப்ளைட்' மூன்று நிமிடத்துக்கும் குறைவானது. வெஸ் மான்ட்கோமரியைக் கிட்டாரின் பக்கம் இழுத்த தட்டு அது. கிட்டாரைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, தட்டின் துணையில்லாமல் முதலிலிருந்து கடைசிவரை பாட வரும்வரை அதைப் பாடுங்கள். விரல்களை அதன் பிறகு அழையுங்கள்.