கோணமலைக் கடலும் படச்சுருளும்

ஈழத்தின் கீழ்க்கரையில் அமைந்த திருகோணமலைத் துறைமுகத்தின் வரலாற்றுக்குச் சான்றுகள் யாவை என வினவுவார்க்குக் கல்வெட்டுக்கள், தலபுராணங்கள், போத்துக்கேயர் ஒல்லாந்தர் எழுதிவைத்த குறிப்புக்கள், பிரித்தானியக் கடற்படையின் ஆவணங்கள் என்பனவே விடையாகக் கூறப்படும். ஒளிப்படம் இவ்வரிசையில் இடம்பெறுதல் அரிது. ஒளிப்படத்தின் மூலமாகிய நெகற்றிவ்வோ சிலைட்டோ சான்றென எண்ணப்படுதல் அதனினும் அரிது. ஆயின், இத்துறைமுகப் பகுதியின் அண்மைக்கால வரலாற்றில் மிக முக்கியமான சில உண்மைகள் படச்சுருளின் வழியாகவே உலகறிந்தன என்பதும், வீட்டு அலுமாரிகளில் உறங்கும் அத்தகைய சுருள்களை மின்வருடிப் பாதுகாக்கும் சிறுதொழில் இன்று வீடுகளிலேயே நடத்தப்படக்கூடிய ஒன்றாகியுள்ளது என்பதும் வரலாற்று மாணவரின் கவனத்துக்குரியன.

பதினேழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் போத்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீன் த சா கோணேசர் ஆலயத்தை இடித்து, அதன் கற்களைக் கொண்டு கோட்டையை எழுப்பினான். இன்று பிரெட்றிக் கோட்டை என வழங்குவது அதன் வழிவந்ததே. கோட்டை வாயிலிற் காணப்படும் இணைக்கயற் சின்னமும் கல்வெட்டும் இடிக்கப்பட்ட கோயிலின் எச்சங்களென்பர். கோட்டைக்குப் பயன்பட்டவை போக எஞ்சிய தூண்களும் சிற்பங்களும் சுவாமி மலையடியிற் கடலில் வீழ்ந்து கிடந்தன. அவை அங்கே உள்ளன என்பது மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்த செய்தி. எனினும், கண்டார் எவரேனும் உளரோ என்ற வினாவுக்கு மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாகப் படமாகக் காட்டத்தக்க விடை இருக்கவில்லை.

1950இல் நகரசபையினர் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், பார்வதி முதலான செப்புத் திருமேனிகள் வெளிப்பட்டன. அதற்குப் பின்னர், 1956இல், ஆர்தர் சி. கிளார்க், மைக் வில்சன் என்னும் ஆங்கிலேயர் இருவர் சுவாமி மலையடியில் மூழ்கினர். முன்னவர் அறிவியற் புனைகதை ஆசிரியர். பின்னவர் ஒளிப்படக் கலைஞர். செதுக்கப்பட்ட தூண்களும் பூவேலைப்பாடுடைய கற்களும் கடலடியிற் சிதறிக்கிடந்ததை அவர்கள் படம்பிடித்தனர். 1957இல் வெளியான 'த றீவ்ஸ் ஒவ் தப்ரபேன்' என்னும் கிளார்க்கின் நூல் இச்செய்தியைத் தாங்கியது. கடலடியிலிருந்து வில்சன் மீட்ட இலிங்கமொன்று பின்னர் ஆலயத்திற் பிரதிட்டை செய்யப்பட்டது. புனரமைக்கப்பட்ட கோயிலின் குடமுழுக்கு 1963இல் நிகழ்ந்தது. தூணைத் தூக்கிக் கரைசேர்த்தல் எளிதன்று; படத்தைக் கரைசேர்த்தல் இயன்றது. அக்காலத்துக்கு அதுவே போதிய சான்றாயிற்று.

கடலடிப் படம் தரைப்படம் போன்றதன்று. நீர் முதலிற் செந்நிற ஒளியையே உறிஞ்சிவிடும். சில பாகங்கள் ஆழம் செல்வதற்குள் சிவப்பு மங்கி, யாவும் நீலமும் பச்சையுமாகத் தோன்றும். மீன்காரர் சிவப்பெனக் காணும் மீன் கடலடியிற் கருமை கொள்வது இதனாலேயே. ஆகவே, அக்காலத்துக் கடலடிச் சிலைட் ஒன்றை இன்று மின்வருடுவோர் அதன் நீலத்தைக் குற்றமெனக் கருதி முற்றாக நீக்கிவிடுதல் பொருத்தமன்று. நீலத்தில் ஒரு பகுதி கடலின் உண்மை; மற்றொரு பகுதி முதுமையடைந்த சாயத்தின் திரிபு. இவ்விரண்டையும் பிரித்தறிதலே வருடுவோரின் திறன். வில்சன் பின்னர்த் திரைப்படத்துறையிலும் இறங்கினார் என்பதை இடையே குறிக்கலாம். 1962இல் அவர் இயக்கிய 'ரன்முத்து தூவ', வர்ணத்தில் அமைந்த முதலாவது முழுநீளச் சிங்களப் படமாகும். இந்நாட்டுப் பார்வையாளர் பலர் கடலடியை முதன்முதலிற் கண்டது அதன் வழியாகவே எனலாம்.

துறைமுகத்தின் மற்றொரு பெருநிகழ்ச்சி 1942 ஏப்பிரல் 9ஆந் திகதிய யப்பானிய விமானத் தாக்குதல். அன்று சீனன்குடா விமானத்தளமும் எண்ணெய்க் குதங்களும் தாக்கப்பட்டன. 'ஹேர்மிஸ்' என்னும் விமானந்தாங்கிக் கப்பல் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடிக்கப்பட்டது. அக்கப்பல் மூழ்குவதைக் காட்டும் புகழ்பெற்ற படம் யப்பானிய விமானத்திலிருந்து எடுக்கப்பட்டதாகும். தாக்கியவர் படமெடுத்தனர், தாக்கப்பட்ட நகரத்தவரோ மூட்டைமுடிச்சுடன் ஊரைவிட்டு ஓடினர். எவர் கையிற் கமரா இருந்ததோ அவர் நோக்கிலேயே வரலாறு பதிவாகும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

நகரத்தவர் கைக்குக் கமரா வந்தது பிற்காலத்திலேதான். அதற்கு முன்னர் ஸ்ரூடியோவே அவர்களுக்குக் கமரா. கொழும்பிலும் கண்டியிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஸ்கீன், ஸ்கோவன், பிளாதே முதலானோரின் ஸ்ரூடியோக்கள் இயங்கின. அவை துரைமாருக்கும் பயணிகளுக்கும் உரியவை. ஊர் மக்கள் அனைவரையும் ஸ்ரூடியோ வாசலுக்கு அழைத்துவந்தது 1972இல் வழங்கத் தொடங்கிய தேசிய அடையாள அட்டையே. 1968ஆம் ஆண்டின் ஆட்பதிவுச் சட்டத்தின்படி அட்டைக்குப் படம் இன்றியமையாததாயிற்று. மீனவரும் கூலித்தொழிலாளரும் வீட்டைவிட்டு அதிகம் வெளிவராத மூதாட்டியரும் அதற்காகவே வாழ்வில் ஒருமுறை கமரா முன் அமர்ந்தனர். பலர்க்கு அந்த ஒரு படமே எஞ்சியது.

ஸ்ரூடியோ முறையில் ஒரு நுட்பம் உண்டு. வாடிக்கையாளர் கைக்குச் செல்வது அச்சிட்ட பிரதி. நெகற்றிவ் ஸ்ரூடியோவிலேயே தங்கிவிடும். மீண்டும் பிரதி வேண்டுமாயின் எண்ணைச் சொல்லிக் கேட்கவேண்டும். எனவே, ஒரு நகரத்தின் முகங்கள் யாவும் இரண்டு மூன்று கடைகளின் பின்னறைகளில், உறைகளுக்குள், எண்வரிசையில் அடுக்கப்பட்டிருக்கும். கடை எரிந்தால், உரிமையாளர் இடம்பெயர்ந்தால், அல்லது பிள்ளைகள் வேறுதொழில் நாடினால், ஒரு தலைமுறையே ஒருங்கு மறையும். கறுப்பு வெள்ளைப் படலத்திலுள்ள வெள்ளியை உருக்கி எடுக்கலாம் என்பதாற் பழைய நெகற்றிவ்கள் நிறைக்கு விற்கப்படுவதும் உண்டு. இந்த இழப்பைத் தமிழ்நாட்டில் ஓரளவேனும் தடுக்க முயன்றோர், பழைய ஸ்ரூடியோப் படங்களைத் தேடி எண்ணிமப்படுத்திய புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தினர். பிரித்தானிய நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டம் அதற்குத் துணைநின்றது. ஈழத்தில் 2005இல் தோன்றிய நூலகம் நிறுவனம், நூல்களிலும் இதழ்களிலும் தொடங்கிய எண்ணிமப் பணியைப் படங்கள் முதலான பிற ஆவணங்களுக்கும் விரித்துள்ளது. 1981இல் யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிந்ததன் பின் பிறந்த கவலையே இம்முயற்சிகளின் அடியிலுள்ளது என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

திருகோணமலை மாவட்டத்து இழப்புக்கள் பலவகையின. 1983 முதலான வன்செயல்களிலும் இடப்பெயர்வுகளிலும் வீட்டோடு அல்பமும் போயிற்று. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை கிண்ணியா, மூதூர், குச்சவெளிக் கரைகளை வாரிச் சென்றது. 2006இல் மூதூர்ப் பகுதியினர் மீண்டும் ஓடினர். ஓடுவோர் உறுதிப்பத்திரத்தையும் அடையாள அட்டையையும் மடியிற் கட்டுவர். நெகற்றிவ் உறையை எவரும் நினைப்பதில்லை. காணாமற்போனோரைத் தேடும் தாய்மார் ஏந்திநிற்கும் படங்கள் பல, அடையாள அட்டை அளவிலிருந்து பெருப்பிக்கப்பட்டு, மூக்கும் விழியும் கரைந்து தோன்றுவதன் காரணம் இதுவே. மூல நெகற்றிவ் இருந்திருப்பின் அம்முகங்கள் தெளிவாக இருந்திருக்கும்.

படம் சான்றாவதன் விலையையும் இந்நகரம் கண்டது. 2006 ஜனவரி 2ஆந் திகதி கடற்கரையில் மாணவர் ஐவர் கொல்லப்பட்டபோது, குண்டு வெடித்தே அவர்கள் இறந்தனர் எனக் கூறப்பட்டது. 'சுடர் ஒளி' செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன் எடுத்த படங்கள், அவர்கள் அண்மையிலிருந்து சுடப்பட்டமையைக் காட்டின. அம்மாதம் 24ஆந் திகதி அவரும் திருகோணமலையிற் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இனி, வீட்டில் நடத்தப்படும் மின்வருடற் பணிக்கு வருவோம். வீட்டிற் படத்தொழில் என்பது புதுமையன்று. தமது வாழ்வின் இறுதியாண்டுகளை இலங்கையிற் கழித்து 1879இல் இங்கேயே மறைந்த யூலியா மார்கறெற் கமெறன் அம்மையார், இங்கிலாந்தில் வாழ்ந்தபோது வீட்டு நிலக்கரி அறையை இருட்டறையாகவும் கோழிக்கூட்டைப் படமெடுக்கும் கூடமாகவும் மாற்றியவர். இன்று வேண்டுவன ஒரு மின்வருடி, ஒரு கணினி, தூசியற்ற மேசை, பருத்திக் கையுறை, காற்றூதும் குமிழ், இவற்றுக்கெல்லாம் மேலாகப் பொறுமை. முப்பத்தைந்து மில்லிமீற்றர்ப் படச்சட்டம் ஒன்றின் அளவு 24க்கு 36 மில்லிமீற்றர். அங்குலத்துக்கு 4000 புள்ளியென வருடினால் ஏறத்தாழ 5670க்கு 3780 புள்ளிகள், அதாவது 2 கோடியே 14 இலட்சம் புள்ளிகள் கிடைக்கும். சுருக்கப்படாத கோப்பு ஒன்று ஏறக்குறைய 64 மெகாபைற்று. 36 படங்கள் கொண்ட சுருள் ஒன்றுக்கு 2300 மெகாபைற்று. கைபேசியை வெளிச்சப் பலகையின் மேற் பிடித்து எடுப்பதும் வருடலே என்பாருளர். முகத்தை இனங்காண அது போதும்; மீண்டும் அச்சிடுவதற்குப் போதாது.

தூசியையும் கீறலையும் அகச்சிவப்பு ஒளியாற் கண்டு நீக்கும் வசதி சிறந்த வருடிகளில் உண்டு. வர்ண நெகற்றிவ்வில் அது நன்கு பயன்படும். வெள்ளியாலாய கறுப்பு வெள்ளைப் படலத்திலோ அது தோற்கும். வெள்ளி அகச்சிவப்பையும் மறைப்பதால், கருவி படத்தையே தூசியென எண்ணிவிடும். கொடக்குறோம் சிலைட்டிலும் இடருண்டு. 1936இற் சிலைட்டாக வெளிவந்த அப்படலத்தை, இருளில் வைத்தால், நிறம் நெடுங்காலம் மாறாது; எனினும் அதனை உருத்துலக்கும் முறை 2010 டிசெம்பரோடு உலகில் முற்றாக நின்றுபோயிற்று. உருத்துலக்காது விடப்பட்ட கொடக்குறோம் சுருள் எந்த வீட்டிலேனும் இருந்தால், அதன் வர்ணத்தை இனி மீட்டல் மிக அரிது.

திருகோணமலையின் காற்று படச்சுருளுக்குப் பகை. அசற்றேற்றுப் படலம் 21 பாகை வெப்பத்திலும் 50 விழுக்காட்டு ஈரப்பதனிலும் வைக்கப்பட்டால், ஏறத்தாழ 40 ஆண்டுகளிற் சிதையத் தொடங்கும் என்பது ஆய்வாளர் கணிப்பு. இந்நகரின் சராசரி வெப்பமோ 28 பாகையளவு. மாரியில் ஈரம் வேறு. சிதையும் படலம் வினாகிரி மணம் வீசும். அவ்வமிலமே சிதைவை மேலும் விரைவுபடுத்தும். ஆதலின், மணம் வரும் பெட்டியை முதலில் வருடவேண்டும், நல்லவற்றிலிருந்து விலக்கியும் வைக்கவேண்டும். செலற்றீன் பூஞ்சணத்துக்கு உணவாகும். வெள்ளநீர் பட்ட நெகற்றிவ்களை ஒன்றன்மேல் ஒன்றாக உலரவிட்டால் ஒட்டிக்கொள்ளும். குளிர்ந்த நல்ல நீரில் ஈரமாகவே வைத்திருந்து, ஒவ்வொன்றாகத் தொங்கவிட்டு உலர்த்தவேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம் மின்சாரம் துண்டிக்கப்பட்டபோது, வீட்டுத் தொழில்கள் யாவும் பட்ட பாடு நாடறிந்தது.

பிறர் வீட்டு நெகற்றிவ் நம்பிக்கையின்பேரில் ஒப்படைக்கப்படுவது. வருடுவோர் கண்ணுக்குத் திருமணமும் தெரியும், சாவீடும் தெரியும், சில காலங்களிற் காட்டக்கூடாதென எண்ணப்பட்ட முகமும் தெரியும். கோப்பின் பிரதியை உடையவர் அனுமதியின்றி வைத்திருத்தல் ஆகாது. வருடியபின் நெகற்றிவ் இனித் தேவையில்லை என்று சொல்வாரும் உளர், அது பெரும்பிழை. கணினிக் கோப்பு ஒரு வட்டு பழுதாகும்வரை வாழும். ஓரளவு சிதைந்த நெகற்றிவ்வோ நாளைய நல்ல கருவிக்கும் உருவம் தரும்.

சிலைட்டின் காகிதச் சட்டத்தில் எழுதப்பட்ட பெயரையும், பதித்த திகதி முத்திரையையும் சேர்த்தே வருடுதல் வேண்டும். சட்டமிடப்பட்ட சிலைட்டில் ஓர எழுத்துக்கள் மறைந்திருப்பதால், அது மறுபக்கமாக வருடப்பட்டு, இடம் வலமாக மாறிவிடுதல் எளிது. வெளியூரார்க்கு அப்பிழை புலப்படாது. கோட்டைக்குத் தெற்கேயுள்ள டச்சுக்குடாக் கரையில் நின்று எடுத்த படத்திற் சுவாமி மலையின் முனை வலப்புறம் கடலை நோக்கி நிற்கும். வடக்கேயுள்ள குடாவிலிருந்து எடுத்ததாயின் இடப்புறம் நிற்கும். சிலைட்டைப் புரட்டி வருடினால் ஒரு குடா மற்றக் குடாவாகிவிடும். படத்தைப் பார்த்த மாத்திரத்தில் இதனைச் சொல்ல வல்லவர் அக்கரையில் வாழ்ந்தவரே.