குடலில் தேடிய மருந்து

செரட்டோனின் எண்டதும் எங்களுக்கு மூளையும் சந்தோசமும்தான் ஞாபகம் வரும். ஆனால் அது முதலில் அகப்பட்டது குடலில். 1930களில் இத்தாலிய ஆய்வாளர் எர்ஸ்பாமர் அதைக் குடற்சுவரில் கண்டு ‘என்டரமின்’ எனப் பெயர் வைத்தார். 1948இல் அமெரிக்காவில் குருதியிலிருந்து அதையே பிரித்தவர்கள் வைத்த பெயர்தான் செரட்டோனின். உடலிலுள்ள செரட்டோனினில் ஏறக்குறைய 90 வீதம் குடலில்தான் உண்டாகிறது.

1961இல் ஷெயின், ஃபிரீட்மன் என்ற இருவர், ஓட்டிசமுள்ள பிள்ளைகள் சிலரின் குருதியில் செரட்டோனின் கூடுதலாக இருப்பதைக் கண்டார்கள். தாயிடம் பாசம் இல்லாததால்தான் பிள்ளை இப்படி என்று அம்மாமாரைக் குற்றம் சொன்ன காலம் அது. அந்த நேரத்தில் உடலில் ஒரு தடயம் கிடைத்தது சின்ன விசயமில்லை. ஆனால் குருதியிலுள்ள செரட்டோனின் மூளைக்குள் போகாது. தடயம் இருந்தது, வழி தெரியவில்லை.

வழி தெரியாத இடத்தில்தான் அவசரம் புகுந்தது. 1998இல், குடல் பரிசோதனைக்காக செக்ரிட்டின் என்ற ஓமோன் ஏற்றப்பட்ட மூன்று பிள்ளைகள் பேச்சில் முன்னேறியதாக ஓர் அறிக்கை வந்தது. பெற்றோர் அந்த ஊசியைத் தேடி அலைந்தார்கள். அடுத்த வருடமே 60 பிள்ளைகளை வைத்துச் சோதித்தார்கள்: பாதிப்பேருக்கு செக்ரிட்டின், மற்றவர்களுக்கு வெறும் உப்புநீர். இரண்டு பக்கமும் முன்னேற்றம் ஒரே மாதிரித்தான். முடிவைச் சொன்ன பிறகும் 69 வீதமான பெற்றோர் அந்த ஊசியில் ஆர்வம் விடவில்லை. இதை வாசிச்சு எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை. வயிறு நோகுது எண்டு சொல்லத் தெரியாமல் இரவிரவாக அழுகிற பிள்ளையை வைத்திருப்பவரிடம் ‘மருந்து இல்லை’ எண்டு எப்படிச் சொல்லுறது?

அதே 1998இல்தான் வேக்ஃபீல்ட், வெறும் 12 பிள்ளைகளைக் காட்டி, குடல் அழற்சியையும் ஓட்டிசத்தையும் சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா தடுப்பூசியோடு முடிச்சுப் போட்டார். லான்செட் சஞ்சிகை அதை 2010இல்தான் மீளப்பெற்றது. இடையில் எத்தனையோ பிள்ளைகளுக்கு ஊசி போடாமல் விட்டார்கள். குடலுக்கும் நிர்ப்பீடனத்துக்கும் என்ன தொடர்பு என்ற நியாயமான கேள்வியிலும் கறை பட்டது.

2015இல் குடல் நுண்ணங்கிகள் செரட்டோனின் உற்பத்தியைத் தூண்டுவதை அமெரிக்காவில் காட்டினார்கள். எலிகளில்தான். இதற்கிடையில் குடலைச் சுத்தமாக்கும் மாவும் பத்தியப் பட்டியலும் விற்பனைக்கு வந்துவிட்டன. ஓட்டிசமுள்ள பிள்ளைகளுக்கு மலச்சிக்கல் மற்றப் பிள்ளைகளை விடக் கூடுதலாக வருகிறது. அதை மலச்சிக்கலாகவே பார்த்து வைத்தியம் செய்யலாம், அதற்கு மருந்து இருக்கிறது.