எதிரியை விட இன்ஜினுக்குப் பயந்த விமானம்

ஃபோர் ஸ்ட்ரோக் இன்ஜின் எதுவானாலும், அது பொம்மை விமானத்தில் பொருத்தும் கைக்கடக்கமான இன்ஜினோ, குண்டு வீசும் விமானத்தின் ராட்சச இன்ஜினோ, பெரும்பாலும் அதில் பாவப்பட்ட பாகம் ஒன்று உண்டு. எக்ஸாஸ்ட் வால்வு! காற்றும் பெட்ரோலும் உள்ளே வரும் வழியில் இருக்கும் வால்வுக்குக் கவலையில்லை. ஒவ்வொரு தடவையும் குளிர்ந்த கலவை அதைக் குளிப்பாட்டிவிட்டுப் போகும். எக்ஸாஸ்ட் வால்வுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எரிந்து முடிந்த நெருப்புப் புகை முழுவதும் அதன் கழுத்தை உரசிக்கொண்டுதான் வெளியேறும். மூடியிருக்கும் அந்தக் கண நேரத்தில் தன் சூட்டைச் சுற்றியுள்ள உலோகத்துக்குக் கொடுத்தால்தான் அது பிழைக்கும்.

இதற்கு 1920களில் அமெரிக்க ராணுவத்தின் மெக்குக் ஃபீல்டு ஆய்வகத்தில் வேலை பார்த்த சாம் ஹெரான் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஒரு வழி கண்டார். வால்வின் தண்டைக் குழாய் போலக் குடைந்து, உள்ளே பாதி அளவுக்கு சோடியம் நிரப்பினார். சோடியம் 98 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். வால்வு மேலும் கீழும் ஆட, உருகிய சோடியமும் உள்ளே தளும்பி, தலையில் உள்ள சூட்டைத் தண்டுக்குக் கொண்டுபோகும். 1927-ல் லிண்ட்பெர்க் தனியாக அட்லாண்டிக்கைக் கடந்தபோது அவருடைய ரைட் நிறுவன இன்ஜினில் இருந்தவை இந்த வகை வால்வுகள்தான்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. அதே ரைட் நிறுவனம் 1936-ல் ஆர்-3350 என்ற இன்ஜினை வடிவமைக்கத் தொடங்கியது. ஒன்பது ஒன்பதாக இரண்டு வட்டம், மொத்தம் 18 சிலிண்டர். கொள்ளளவு சுமார் 55 லிட்டர், 2,200 குதிரைத்திறன். தண்ணீர் கிடையாது, எதிரே வீசும் காற்றுதான் இதைக் குளிர வைக்க வேண்டும். முன் வரிசை சிலிண்டர்களுக்கு நல்ல காற்று, பின் வரிசைக்கு முன் வரிசை சுட்டு அனுப்பிய காற்று! போதாக்குறைக்கு இன்ஜின் உறையின் சில பாகங்கள் மெக்னீசியக் கலவை. மெக்னீசியம் தீப்பிடித்தால் அணைப்பது எவ்வளவு கடினம் என்று பள்ளி வேதியியல் படித்த யாருக்கும் தெரியும்.

இந்த இன்ஜின் நான்கைப் பூட்டித்தான் போயிங் நிறுவனம் பி-29 விமானத்தைக் கட்டியது. சிலிண்டர்களிலிருந்து வரும் புகையும் சும்மா குழாய் வழியே வெளியே போய்விடவில்லை. உயரத்தில் காற்று மெலிதாக இருக்குமே, அதை அழுத்தி உள்ளே அனுப்ப இன்ஜினுக்கு இரண்டு டர்போக்கள். அவற்றைச் சுழற்றியது இந்தப் புகை. ஆக, கொதிக்கும் குழாய்கள் இன்ஜினைச் சுற்றியே வளைந்து ஓடின.

இதில் கணக்குப் பார்ப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று. விமானம் முதன்முதலில் பறந்தது 1942 செப்டம்பர் 21. அதற்கு முன்பே ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்களுக்கு ஆர்டர் கொடுத்தாகிவிட்டது! மொத்தத் திட்டச் செலவு சுமார் 300 கோடி டாலர். அணுகுண்டுத் திட்டத்துக்கே சுமார் 200 கோடிதான் ஆனது. இவ்வளவு பணம் போட்ட பிறகு "கொஞ்சம் பொறுங்கள், இன்ஜின் சுடுகிறது" என்று யார் சொல்வது, சொன்னாலும் யார் கேட்பது?

1943 பிப்ரவரி 18 அன்று சியாட்டிலில் இரண்டாவது மாதிரி விமானத்தின் ஒரு இன்ஜினில் தீப்பிடித்தது. அதை அணைத்துவிட்டுத் திரும்பும்போது இறக்கைக்குள் மறுபடி தீ. விமானம் ஓர் இறைச்சித் தொழிற்சாலை மேல் விழுந்தது. போயிங்கின் தலைமைச் சோதனை விமானி எடி ஆலன் உட்பட விமானத்தில் இருந்த 11 பேரும் இறந்தனர். கட்டடத்தில் இருந்தவர்களையும் சேர்த்தால் பலி 30க்கு மேல். பின்னாளில் அதிபரான ட்ரூமன் தலைமையிலான செனட் குழு இன்ஜின் தயாரிப்பை விசாரித்தது. எண்ணிக்கைக்காகத் தரத்தைக் கைவிட்டதாக ரைட் நிறுவனத்தையும், அவசரப்படுத்தியதாக ராணுவத்தையும் சேர்த்தே கண்டித்தது. ஆனாலும் உற்பத்தி ஓடிக்கொண்டேதான் இருந்தது.

1944 ஏப்ரலில் இந்த விமானங்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டன. வங்காளத்தின் கரக்பூர் வட்டாரத்தில் தளம், வழியில் கெய்ரோ, கராச்சி. ஏப்ரல் மாதக் கராச்சி வெயிலைப் பற்றிச் சொல்ல வேண்டுமா? இன்ஜின் தாங்கும் என்று கணக்கிட்டிருந்த தரை வெப்பம் 115 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 46 செல்சியஸ். வெயில் அதையும் தாண்டியது. ஒரே வாரத்தில் கராச்சி அருகே ஐந்து விமானங்கள் விழுந்தன. வழியில் இருந்த அத்தனை பி-29களும் அப்படியே நிறுத்தப்பட்டன.

பிரித்துப் பார்த்தபோது குற்றவாளி சிக்கியது. பின் வரிசைச் சிலிண்டர்களின் எக்ஸாஸ்ட் வால்வுகள் உருகியிருந்தன! தூரம் போகவேண்டும் என்று பெட்ரோலைக் குறைத்து ஓட்டியதும் ஒரு காரணம். பெட்ரோல் தாராளமாக இருந்தால் எரியாத மிச்சம் ஆவியாகிக் கொஞ்சம் சூட்டை எடுத்துக்கொள்ளும். குறைத்தால் அந்தக் குளிர்ச்சியும் போய்விடும்.

சரி, எப்படிச் சரி செய்தார்கள்? புது உலோகம், புது வடிவம் எதுவுமில்லை. காற்று நேராக வால்வின் பக்கம் போய் மோதும்படி தகடுகளை வளைத்துப் பொருத்தினார்கள். இரண்டு வரிசையிலும் மேலே உள்ள ஐந்தைந்து சிலிண்டர்களுக்கு, எக்ஸாஸ்ட் பக்கம் கூடுதல் ஆயில் போகச் சின்னக் குழாய் வைத்தார்கள். சில தகடு, சில குழாய்! 300 கோடி டாலர் திட்டம் இதற்காகக் காத்து நின்றது. இதை ஆர்டர் கொடுப்பதற்கு முன்பே சோதனை மேடையில் கண்டுபிடித்திருக்கலாம் என்பதுதான் வயிற்றெரிச்சல்.

விமானிகளும் தங்கள் பங்குக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொண்டார்கள். ஓடுதளத்தை விட்டதும் மேலே ஏறுவதில்லை. தாழ்வாகவே பறந்து வேகம் பிடித்து, இன்ஜினுக்குக் காற்று கிடைத்த பிறகுதான் ஏறுவது.

இத்தனைக்குப் பிறகும் சூடு முழுதாக அடங்கவில்லை. 1944 ஜூன் 5 அன்று பாங்காக் மீது முதல் தாக்குதலுக்கு 98 விமானங்கள் கிளம்பின; 77 மட்டுமே இலக்கை அடைந்தன. ஐந்து விமானங்கள் அழிந்தன. அதில் எதிரி சுட்டு வீழ்த்தியது ஒன்றுகூட இல்லை. ஆகஸ்டில் இலங்கைத் திருகோணமலையின் சீனன்குடா தளத்திலிருந்து சுமத்ராவின் பாலெம்பாங் எண்ணெய் ஆலைகளுக்குப் போன விமானங்கள், போக வர 6,000 கிலோமீட்டருக்கு மேல், பெரும்பாலும் கடல் மேலேயே, இதே இன்ஜின்களை நம்பித்தான் பறந்தன. அந்த இரவில் விமானிகளின் கண் எதிரியைத் தேடியதை விட வெப்பமானியின் முள்ளைத்தான் அதிகம் பார்த்திருக்கும்.

போருக்குப் பின் ஆர்-3350 பயணிகள் விமானத்துக்கு மாறியது. வால்வைத் தின்ற அதே எக்ஸாஸ்ட் புகையை மூன்று டர்பைன்களில் மோதவிட்டு, அதன் சக்தியை மறுபடி இன்ஜினுக்கே திருப்பிக் கொடுக்கும் ஏற்பாடு வந்தது. 1954-ல் ஏர் இந்தியாவில் சேர்ந்த சூப்பர் கான்ஸ்டலேஷன் விமானங்களிலும் இருந்தது இந்த வகைதான். நான்கில் ஏதோ ஒரு இன்ஜினை அடிக்கடி நடுவானில் நிறுத்த வேண்டி வந்ததால், கான்ஸ்டலேஷனை 'உலகிலேயே அருமையான மூன்று இன்ஜின் விமானம்' என்று கேலி செய்தார்கள்.