காலதர்: பெங்களூரின் பெரிய கட்டடங்களும் காற்றும்

சன்னலுக்குப் பழந்தமிழில் ‘காலதர்’ என்று ஒரு பெயர். கால் என்றால் காற்று, அதர் என்றால் வழி. இளங்கோவடிகள் சிலப்பதிகாரத்தில் இச்சொல்லை ஆள்கிறார். சுவரில் திறப்பு வைப்பது முதலில் காற்றுக்காகத்தான் என்பதைச் சொல்லே காட்டுகிறது. இதை மனத்தில் கொண்டு, நாம் பிழைக்க வந்த இந்த ஊரின் பெரிய கட்டடங்களைப் பார்த்தால் ஒரு வரலாறு தெரிகிறது.

கோட்டைப் பக்கம் உள்ள கோடை அரண்மனையை ஹைதர் அலி 1781-இல் தொடங்கினார், திப்பு சுல்தான் 1791-இல் முடித்தார். தேக்குத் தூண்கள், திறந்த முகப்பு, காற்றுக்குத் தடையில்லை. 1868-இல் கட்டி முடிந்த அட்டாரா கச்சேரியில், அதாவது இன்றைய உயர்நீதிமன்றத்தில், தூண் வரிசைகள் வெயிலைத் தள்ளி நிறுத்துகின்றன. பன்னேர்கட்டா சாலையில் பாலகிருஷ்ண தோஷி வடிவமைத்த மேலாண்மைக் கழகமும் கல்சுவர், முற்றம், பந்தலிட்ட நடைவழி என்று அதே மரபில் நிற்கிறது. சுமார் 3,000 அடி உயரத்து ஊர் இது. இராத்திரிக் காற்றை உள்ளே விட்டாலே பாதி வேலை முடிந்தது.

பின் காலதர் அடைபட்டது எப்படி? வில்லிஸ் கேரியர் என்ற அமெரிக்கப் பொறியாளர் 1902-இல் ஏ.சி. முறையை வகுத்தது மனிதருக்காக அல்ல. நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில் ஈரக்காற்றால் காகிதம் விரிந்து வண்ணம் விலகியது. அதைத் தடுக்கவே செய்தார். பிறகு அது அலுவலகங்களுக்கு வந்தது. 1973-இல் எண்ணெய் நெருக்கடி வந்ததும், செலவைக் குறைக்க அங்கே வெளிக்காற்றை ஆளுக்கு நிமிடத்துக்கு 5 கன அடி என்று சுருக்கினார்கள். தலைவலி, கண் எரிச்சல், சோர்வு என்று புகார்கள் பெருகின. ‘நோயுற்ற கட்டடம்’ என்றே அந்நிலைக்குப் பெயர் வந்தது. ‘ஆஷ்ரே’ என்ற பொறியாளர் சங்கம் 1989-இல் அந்த அளவைக் குறைந்தது 15 கன அடியாக உயர்த்தியது.

நம் ஊரிலும் மென்பொருள் தொழிலோடு கண்ணாடிப் பெட்டிகள் எழுந்தன. உள்ளே நுழைந்த வெயில் வெளியேறாது. அதை விரட்ட மின்சாரம் வேண்டும். நான் தானிய வியாபாரி. மூட்டைக்கு அடியில் கட்டை போடுவோம், சுவரை ஒட்டி அடுக்க மாட்டோம். காத்தோட்டம் இல்லேன்னா சரக்கு புழுங்கி நாறிப்போகும். அரிசிக்குத் தருகிற மரியாதையை அங்கே பகலெல்லாம் உட்கார்ந்திருக்கும் நம் பிள்ளைகளுக்குத் தர வேண்டாமா?

வழி இல்லாமல் இல்லை. தோம்லூரில் ‘டெரி’ நிறுவனத்தின் கட்டடத்தைச் சஞ்சய் மோஹே வடிவமைத்தார். அதன் தெற்கே நாற்றமடிக்கும் சாக்கடை. அந்தப் பக்கம் சன்னல் வைக்க முடியாது. ஆகவே அங்கே கருங்கடப்பைக் கல் பதித்து, பின்னால் இடைவெளி விட்டார்கள். வெயிலில் கல் சுட, இடைவெளிக் காற்று சூடாகி மேலே ஏறும். அந்த இழுப்பில் வடபுறத் தோட்டத்துக் காற்று கட்டடத்துக்குள் ஓடிவரும். நம் சமையலறைப் புகைபோக்கியின் தத்துவம்தான்!

இன்னொன்று, 2011-இல் இன்ஃபோசிஸ் ஐதராபாத்தில் கட்டியது. ஒரே கட்டடத்தை இரு சம பாதியாக்கி, ஒரு பாதியில் நல்ல வழக்கமான ஏ.சி., மறு பாதியில் கான்கிரீட் தளத்துக்குள் குழாய் பதித்துக் குளிர்ந்த நீர். குளிரூட்ட இரண்டாம் பாதி 34 விழுக்காடு குறைவான மின்சாரமே எடுத்தது. காரணம் எளிது: ஒரே கன அளவில், காற்றைவிட நீர் மூவாயிரம் மடங்குக்கும் மேல் வெப்பத்தைச் சுமக்கும். குளிர்விக்கும் வேலையை நீர் ஏற்றுக்கொண்டதால், காற்று மூச்சுக்கு மட்டும் போதும்; சுற்றிச் சுற்றி வரும் பழங்காற்று தேவையில்லை.

ஆகக் குளிர்ச்சி வேறு, நல்ல காற்று வேறு. அறை சில்லென்று இருப்பதாலேயே காற்று சுத்தம் என்று ஆகிவிடாது. கொரோனாவுக்குப் பின் உலக சுகாதார நிறுவனம் 2021-இல் காற்றோட்டத்துக்கென்றே தனி வழிகாட்டி வெளியிட வேண்டியதாயிற்று. வண்டிப்புகை நிறைந்த சாலையோரம் சன்னலைத் திறந்தால் மட்டும் போதாது, வடிகட்டியும் வேண்டும்.

பிள்ளைகளுக்குப் பள்ளி பார்க்கும்போதும், அடுக்ககத்தில் வீடு பார்க்கும்போதும் “ஏ.சி. இருக்கா?” என்று கேட்கிறோம். “வெளிக்காத்து எந்த வழியா, எவ்வளவு வருது?” என்றும் சேர்த்துக் கேளுங்கள். காலதர் என்று பெயர் வைத்த மொழியைப் பேசுகிறவர்கள் நாம்; கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.