நெய்யில் போட்ட முருங்கை இலை

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள். பசுவானால் 48, எருமையானால் 16. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர்கள் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆட்டுக்குக் கணக்கு உண்டு, நெய்க்கும் கணக்கு உண்டு. வெண்ணெயை உருக்கிய கையைப் பற்றித்தான் பேச்சே இல்லை. அதற்கும் முந்தைய பெரும்பாணாற்றுப்படையில், நெய்க்கு விலையாகப் பொன்னை வாங்காமல் எருமையும் பசுவும் வாங்கிச் சேர்க்கும் ஆய்மகள் வருகிறாள். எனக்கு மிகவும் பிடித்த வியாபாரி அவள்.

அந்தக் கையின் அறிவு எனக்கு என் அமிச்சியிடமிருந்து, அதாவது அம்மாவின் அம்மாவிடமிருந்து, கிடைத்தது. வெண்ணெய்க்குப் பேர்போன ஊத்துக்குளிப் பக்கம்தான் அவர் ஊர். கடைந்தெடுத்த வெண்ணெயைத் தண்ணீரில் போட்டு, தினமும் தண்ணீர் மாற்றிச் சேர்த்து வைப்பார். உருக்குகிற நாளில் முருங்கை இலையை உருவித் துணியில் பரப்பி உலர்த்துவார். “இலையில ஈரம் இருந்தா நெய் தாங்காது கண்ணு” என்பார். சடசடப்பு அடங்கி, கசண்டு பொன்னிறமாக அடியில் படியும்போது ஒரு கைப்பிடி இலை விழும். இலை மொறுமொறுவென்று ஆனதும் இறக்கி, வடிகட்டி, பீங்கான் ஜாடியில் ஊற்றி இருட்டறையில் வைப்பார். ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் நெய்யை வைக்கவே விடமாட்டார்.

இலை வாசனைக்காக என்றுதான் பலரும் சொல்கிறார்கள். எனக்கு அது போதாது. நெய்யைச் சிக்கு வாடை அடிக்க வைப்பது காற்றிலுள்ள ஆக்சிஜன். கொழுப்பைத் தாக்கி ஒரு வினையைத் தொடங்கிவிட்டால் அது தொடர்ந்துகொண்டே போகும். இலையிலுள்ள ஃபீனால் வகைப் பொருள்கள் தங்கள் ஹைட்ரஜனைக் கொடுத்து அந்தத் தொடரை அறுக்கின்றன. முருங்கை இலையில் குவர்செடின், குளோரோஜெனிக் அமிலம் போன்றவை உண்டு. செம்பு அயனிகள் வினையை விரைவுபடுத்தும். பித்தளையில் பெரும்பகுதி செம்புதான். இலையின் பச்சையமோ வெளிச்சம் பட்டால் நெய்யைக் கெடுக்கும் பக்கம் சாய்ந்துவிடும். ஆக, இலையை வடிகட்டியதும் இருட்டறையும்கூட அதே அறிவின் பகுதிதான்.

1937இல் டால்டா வனஸ்பதி வந்தது. அக்மார்க் தரக்குறிக்கான சட்டமும் அதே ஆண்டுதான். பிறகு கொழுப்பு கெடாமலிருக்க பிஎச்ஏ போன்ற செயற்கைப் பொருள்கள் உலகெங்கும் தொழிற்சாலைகளுக்குள் நுழைந்தன. ஆய்வாளர்கள் இலைப்பக்கம் திரும்பாமலும் இல்லை. படேல், ரஜோரியா இருவரும் 1979இல் வெளியிட்ட ஆய்வு, கறிவேப்பிலையும் வெற்றிலையும் போட்டு உருக்கிய நெய் கெடுவது தாமதமாவதைக் காட்டியது. வெற்றிலையில் இந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் ஹைட்ராக்சிசாவிகால் என்னும் ஃபீனால்.

குளிர்பெட்டி இல்லாத வீடுகளில் நெய்யைக் காத்தது பெண்களின் இந்த வேதியியல். அதைக் ‘கைப்பக்குவம்’ என்று சொல்லி ஒதுக்குவதை நான் ஏற்கமாட்டேன். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எந்த இலையைப் போடுகிறார்கள், எந்தப் பதத்தில், எவ்வளவு, எந்தப் பாத்திரத்தில் என்று கேட்டு, ஊர்ப் பெயரோடும் அவர்கள் பெயரோடும் எழுதி வையுங்கள்.