நல்லூர் இராசதானியில் எதைப் பார்ப்பது?

லண்டனுக்கும் பாரிசுக்கும் போனால் அரண்மனையைத் தேடித்தேடிப் பார்க்கிற நம்மவர்கள், நம்முடைய மண்ணில் இருந்த தலைநகரை அரை மணித்தியாலத்தில் முடித்துவிடுகிறார்கள். கந்தசுவாமி கோயில், பிறகு ஒரு ஐஸ்கிறீம். அவ்வளவுதான்.

நல்லூரின் அளவை அறிய நான்கு கோயில்களைத் தேடிப் போங்கள். வடக்கே சட்டநாதர், கிழக்கே வெயிலுகந்த பிள்ளையார், தெற்கே கைலாயநாதர், மேற்கே வீரமாகாளி அம்மன். இவை தலைநகரின் நான்கு திசைக் காவல் என்பது மரபு. கட்டடங்கள் பிற்காலத்தவை, இடங்கள்தான் முக்கியம்.

பருத்தித்துறை வீதியில் சங்கிலித்தோப்பு வளைவும் மந்திரிமனையும் இருக்கின்றன. எல்லாரும் படம் பிடிப்பது இங்கேதான். ஆனால் மந்திரிமனையின் தூண்களையும் முகப்பையும் கவனியுங்கள், ஐரோப்பியர் கால வேலைப்பாடு தெரியும். அரசன் காலத்துக்கு என்னைக் கூடுதலாகக் கொண்டுபோவது ‘ப’ வடிவில் வெட்டப்பட்ட யமுனா ஏரிதான். அதைப் பார்க்க வருகிறவர்கள் குறைவு.

1619இல் போர்த்துக்கேயர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கடைசி அரசன் சங்கிலி குமாரனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்த் தூக்கிலிட்டார்கள். பிலிப் டி ஒலிவேரா பழைய கந்தசுவாமி கோயிலை இடித்து, தலைநகரைக் கடலோரம் மாற்றினான். கோயிற் கற்கள் கோட்டைக்குப் போயின என்று சொல்வார்கள். பழைய கோயில் இருந்ததாகக் கருதப்படும் முத்திரைச்சந்தையில் இன்று புனித யாக்கோபு தேவாலயம் நிற்கிறது. இப்போதைய கந்தசுவாமி கோயில் ஒல்லாந்தர் காலத்தில், 18ஆம் நூற்றாண்டில் வேறிடத்தில் எழுந்தது.

இதோடு வழிகாட்டிப் புத்தகங்கள் முடிந்துவிடும். மாணவர்களைச் சுற்றுலா கூட்டிப்போனபோது ஒரு பிள்ளை கேட்டது: “சேர், அப்ப எங்கட ஆக்கள் எங்க இருந்தவை?”

நல்லூரில்தான் இருந்தார்கள். அங்கே குடியிருந்த சோனகர் விருப்பமில்லாமலே இடம்பெயர்ந்து நாவாந்துறைப் பக்கம் போன கதையை யாழ்ப்பாண வைபவமாலை சொல்கிறது. அது ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதிய நூல். அதிலுள்ள எல்லாவற்றையும் வரலாறாக எடுக்க முடியாது. ஆனால் சோனகர் நல்லூரில் வாழ்ந்த நினைவு அன்றைக்கே இருந்தது என்பதற்கு அதுவே சாட்சி.

நகருக்கு மேற்கே சோனகதெரு வளர்ந்தது. இலங்கைச் சிவில் சேவையில் சேர்ந்த முதல் முஸ்லிமான ஏ.எம்.ஏ. அஸீஸ் யாழ்ப்பாணத்தவர், யாழ் இந்துக் கல்லூரியில் படித்தவர். 1990 ஒக்ரோபர் 30 அன்று எங்கள் மக்களை ஒஸ்மானியாக் கல்லூரியின் ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டுப் போகும்படி விடுதலைப் புலிகள் உத்தரவிட்டார்கள். பல வீடுகளின் சுவர்கள் மட்டுமே மிஞ்சின.

ஆகவே காலையில் நான்கு கோயில்கள், யமுனா ஏரி, முத்திரைச்சந்தை. வெயில் தணிந்த பிறகு கோட்டை. அங்கிருந்து சோனகதெரு தூரமில்லை, நடந்தே வரலாம். அஸர் தொழுகை முடிந்த நேரம் பள்ளிவாசல் வாசலில் பெரியவர்கள் இருப்பார்கள். எந்த வீடு யாருடையது என்று கேளுங்கள், சொல்வார்கள்.